முதுகுல ஒட்டற நம்பர்

போன ஆடி மாசம் ஒரு சாயங்காலம் எங்க படிப்பகத்துக்கு ஒரு அம்மா வந்தாங்க. ஐம்பத்தஞ்சு வயசு இருக்கும், கையில தூக்குவாளி, சொசைட்டில பால் ஊத்திட்டு நேரா இங்கதான் வந்திருக்காங்க. உள்ள வரத் தயங்கி வாசப்படிக்கு வெளியவே நின்னுக்கிட்டு, "தம்பி, மாட்டுக்கு மடி வீங்கிப்போய்க் கெடக்கு, கைவைத்தியம் போட்ட பொஸ்தகம் ஒண்ணு இங்க இருக்குன்னு எம் மருமவ சொன்னா, இருக்கா"ன்னு கேட்டாங்க. இருக்குன்னு எனக்கு நல்லா ஞாபகம் இருந்துச்சு. மஞ்சக் கலர் அட்டை, நூறு பக்கத்துக்குள்ள, யாரோ ஒரு கட்டுப் புத்தகத்தோட சேர்த்துக் குடுத்தது. விவசாயம்னு எழுதி ஒட்டியிருந்த ரேக்ல தேடினேன், இல்ல. பக்கத்து ரேக்ல தேடினேன், இல்ல. இருபது நிமிஷம் அந்த அம்மா அந்த வாசப்படியிலயே நின்னாங்க. அப்புறம் "கறவைக்கு நேரமாயிடும் தம்பி, கெடச்சா எடுத்து வைங்க"ன்னு சொல்லிட்டுப் போய்ட்டாங்க.

பன்னெண்டு நாள் கழிச்சு ஒட்டடை அடிக்கறப்போ அந்தப் புத்தகம் கிடைச்சுது. மருத்துவம் ரேக்ல, சர்க்கரை நோய்க்கான உணவு பத்தி ஒரு புத்தகம், பிரசவ காலப் பராமரிப்பு பத்தி ஒரு புத்தகம், ரெண்டுக்கும் நடுவுல. அட்டையில மூலிகை வைத்தியம்னு பெருசா இருக்கு, கால்நடைன்னு கீழ பொடி எழுத்துல இருக்கு. பெரிய எழுத்தை மட்டும் படிச்சுட்டு அங்க கொண்டுபோய் வச்சது நான்தான்.

மறுநாள் காலைல சொசைட்டி வாசல்லயே போய் நின்னு அந்த அம்மாகிட்ட புத்தகத்தைக் குடுத்தேன். டாக்டர் வந்து ஊசி போட்டாராம், மாடு பொழச்சுக்கிச்சு, ஆனா ஒரு காம்பு போயிடுச்சு, இப்ப மூணு காம்புலதான் பால் வருதுன்னாங்க. என்மேல கோவமெல்லாம் படல. புத்தகத்தை மட்டும் வாங்கி முந்தானையில தொடச்சுட்டு, "அடுத்த தரம் ஆவும்"னு சொல்லி எடுத்துக்கிட்டுப் போனாங்க. அந்தப் புத்தகம் அன்னிக்கே கிடைச்சிருந்தா காம்பு தப்பிச்சிருக்குமான்னு எனக்குச் சொல்லத் தெரியல. ஆனா கையில இருந்த புத்தகத்தை கேட்டு வந்தவங்க கையில குடுக்க முடியலங்கறது மட்டும் இன்னிக்கு வரைக்கும் உறுத்துது. இந்தப் பதிவே அதனாலதான் எழுதறேன்.

எங்க படிப்பகம் சின்னது. பழைய ரேஷன் கடை இருந்த கட்டடம், ஏழு இரும்பு ரேக், தோராயமா 1,800 புத்தகம். எல்லாமே ஊர்க்காரங்களும் வெளியூர்ல இருக்கறவங்களும் குடுத்தது. ஆரம்பத்துல உயரம் பார்த்து அடுக்கினோம், பார்க்க அழகா இருந்துச்சு, ஒண்ணும் கிடைக்காது. அப்புறம் கொஞ்ச நாள் பதிப்பகம் வாரியா. அதுக்கப்புறம்தான் கதை, கவிதை, ஆன்மீகம், மருத்துவம், விவசாயம், போட்டித்தேர்வு, சிறுவர்னு ஏழு ரேக்குக்கும் ஏழு தலைப்பு எழுதி ஒட்டினது, ரேக் ஏழு இருந்ததால தலைப்பும் ஏழு, அதுல எதுலயும் அடங்காத புத்தகத்தை எல்லாம் எங்க எடம் இருக்கோ அங்க சொருகிடறது. உலகத்துல இருக்கற எல்லா விஷயத்தையும் ஏழு பொட்டியில போட்டுடலாம்னு நெனச்சிருந்தோம்.

இந்த மாட்டு விஷயத்துக்கு அப்புறம், அரசு கிளை நூலகத்துல முப்பது வருஷத்துக்கு மேல வேலை பார்த்து ரிடையர் ஆன ஒரு சார் பக்கத்துத் தெருவுல இருக்கார்னு தெரிஞ்சு அவர்கிட்ட போனேன். எல்லாத்தையும் பொறுமையா கேட்டுட்டு ஒண்ணு சொன்னார். "தம்பி, புத்தகம் ஒண்ணுதான், ஆனா அதைத் தேடி நாலு தெருவுல இருந்தும் ஆள் வருவாங்க. நீங்க ஒரே ஒரு வாசல் வச்சிருக்கீங்க, அதுவும் பின்பக்கமா." அடுத்த ஞாயித்துக்கிழமை ஒரு மொத்தமான டூயி புத்தகத்தைத் துணியில சுத்தி எடுத்துக்கிட்டு அவரே வந்துட்டார். அன்னிலேர்ந்துதான் எனக்கு இந்தப் பைத்தியம் பிடிச்சுது, லைப்ரரில எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் முதல்ல அதோட முதுகைத்தான் பார்க்கறேன்.

டூயின்னா மெல்வில் டூயி, அமெரிக்கால ஆம்ஹர்ஸ்ட் காலேஜ் லைப்ரரில வேலை பார்த்த பையன், பையன்னுதான் சொல்லணும், யோசனை வந்தப்போ அவருக்கு 21 வயசு. அதுக்கு முன்னாடி நெறைய லைப்ரரில புத்தகத்துக்குக் குடுத்த நம்பர் அலமாரியோட நம்பர்தான், மூணாவது அலமாரி, ரெண்டாவது தட்டு, பதினஞ்சாவது புத்தகம், இந்த மாதிரி. அதே விஷயத்துல புதுசா ஒரு புத்தகம் வந்தா தட்டுல எடம் இருக்காது, வேற எங்கயாவதுதான் போகும், கட்டடம் மாறினா மொத்த நம்பரையும் அழிச்சு எழுதணும். டூயி அந்த நம்பரை அலமாரிகிட்ட இருந்து பிடுங்கிப் புத்தகத்தோட விஷயத்துக்குக் குடுத்தார். 1876ல 44 பக்கத்துல ஒரு சின்ன புத்தகம், அதுல ஆசிரியர் பேர் கூடப் போடல. மொத்த அறிவையும் பத்தா பிரிச்சு, ஒவ்வொண்ணையும் பத்தா பிரிச்சு, அதையும் பத்தா பிரிச்சு, ஆக ஆயிரம். அதுக்கு மேல வேணும்னா புள்ளி வச்சு எவ்வளவு தூரம் வேணா போகலாம், ரெண்டு நம்பருக்கு நடுவுல எப்பவும் இன்னொரு நம்பருக்கு எடம் இருக்கு. எவ்வளவு எளிமையான விஷயம் பாருங்க, தசம பின்னம் தெரிஞ்ச அஞ்சாங்கிளாஸ் பிள்ளைக்குப் புரியும்.

எங்க மஞ்சப் புத்தகத்தையே எடுத்துக்கிட்டு சார் நடத்தினார். 600 தொழில்நுட்பம், 630 விவசாயம், 636 கால்நடை வளர்ப்பு, 636.2 மாடு, 636.2089னு போனா மாட்டு வைத்தியம். மனுஷ வைத்தியம் 610ல ஆரம்பிக்குது. ரெண்டுக்கும் நடுவுல பொறியியல் முழுசும் 620ல கெடக்கு. அப்போதான் புரிஞ்சுது, டூயி விஷயத்தைப் பார்த்துப் பிரிக்கல, அந்த விஷயத்தை எந்தத் துறைக்காரன் பார்க்கறாங்கறதைப் பார்த்துப் பிரிச்சிருக்கார். அரிசியையே பாருங்க, நெல் சாகுபடி 633.18, அதே அரிசியைப் பொங்கறது 641ல, அரிசி வியாபாரம் 300கள்ல. எங்க ஊர்ல இது எல்லாம் ஒரே வீட்டுக்குள்ள நடக்கற வேலை, ஆனா லைப்ரரில மூணு மூலைல. இது அவருக்கே தெரியும், அதனாலதான் புத்தகத்துக்குப் பின்னாடி ஒரு இண்டெக்ஸ் போட்டு அரிசின்னு தேடினா இந்த மூணு எடத்தையும் காட்டற மாதிரி வச்சிருந்தார். நம்பரை விட அந்த இண்டெக்ஸ் மேலதான் அவருக்குப் பெருமை அதிகமாம்.

சரி, இவ்வளவு நல்ல அமைப்பை அப்படியே எடுத்துக்க வேண்டியதுதானேன்னு நாங்களும் ஸ்டிக்கர் வெட்டி எழுத ஆரம்பிச்சோம். எங்க 1,800ல கிட்டத்தட்ட ஆயிரம் புத்தகம் தமிழ்க் கதை, கவிதை, நாடகம், கட்டுரை. சார் சொன்னார், தமிழ் இலக்கியம் 894.811, கவிதைன்னா கூட ஒரு 1, நாவல்னா 3. சின்ன புத்தகத்தோட முதுகுல இதுவே கொள்ளாது. ஏன் சார் இவ்வளவு நீளம்னு கேட்டேன். அவர் பதில் சொல்லாம 800 பக்கத்தைத் திறந்து என் பக்கம் திருப்பினார்.

810 அமெரிக்க இலக்கியம். 820 இங்கிலீஷ். 830 ஜெர்மன், 840 ஃபிரெஞ்ச், 850 இத்தாலி, 860 ஸ்பானிஷ், 870 லத்தீன், 880 கிரேக்கம். மிச்சம் இருக்கற உலகம் மொத்தமும் 890. அந்த 890க்குள்ள 894னு ஒரு அறை, அதுல துருக்கி, ஹங்கேரி, ஃபின்லாந்துக்காரங்களோட மொழி எல்லாம் இருக்கு, அவங்களோட திராவிட மொழிகளும். மொழிக்கும் இதே கதைதான், தமிழ் 494.811. மதத்துக்கு வந்தா 200ல ஆரம்பிச்சு பைபிள், கிறிஸ்தவ இறையியல், சபை, வரலாறுன்னு 280 வரைக்கும் ஓடி, கடைசி பத்துல, 290ல, பாக்கி எல்லா மதமும். இந்து 294.5, பௌத்தம் 294.3, சமணம் 294.4, இஸ்லாம் 297.

இதை மோசடின்னு நான் சொல்ல மாட்டேன். 1870கள்ல மாசசூசெட்ஸ்ல ஒரு கிறிஸ்தவக் காலேஜோட லைப்ரரில என்ன புத்தகம் இருந்துச்சோ அதுக்கு எடம் பிரிச்சார், அங்க தமிழ்ப் புத்தகத்துக்குத் தேவை இருந்திருக்காது. ஆனா அந்த ஒரு லைப்ரரியோட அலமாரி இப்ப 135க்கும் மேல நாடுகளுக்குப் போயிருக்கு. நம்பர் எவ்வளவு நீளமோ அவ்வளவு தூரத்துல நாம இருக்கோம். இங்க காவிரிப் படுகைல உக்காந்துக்கிட்டு என் சொந்த மொழிக் கவிதைக்கு ஏழு இலக்கம் எழுதறப்போ, இங்கிலீஷ் கவிதைக்கு 821ன்னு மூணே இலக்கத்துல முடியறப்போ, மனசுக்குக் கஷ்டமாத்தான் இருந்துச்சு, மறைக்க என்ன இருக்கு.

இந்தக் கஷ்டம் நமக்கு மட்டும் இல்ல. வாஷிங்டன்ல ஹோவர்ட் யூனிவர்சிட்டின்னு கறுப்பின மக்களுக்காக ஆரம்பிச்ச யூனிவர்சிட்டி, அங்க 1930லேர்ந்து டாரத்தி போர்ட்டர்னு ஒரு லைப்ரரியன். அவங்க பார்த்தப்போ மத்த லைப்ரரிகள்ல கறுப்பர்கள் எழுதினது எதுவா இருந்தாலும், கவிதையோ வரலாறோ, ரெண்டே நம்பர்லதான் போட்டு வச்சிருந்தாங்க, ஒண்ணு 325, குடியேற்றம், இன்னொண்ணு 326, அடிமைமுறை. ஒரு கவிஞர் என்ன எழுதினாலும் அவர் தோலைப் பார்த்து அங்க தள்ளிடறது. போர்ட்டர் அதை ஏத்துக்கல. கவிதைன்னா கவிதை, வரலாறுன்னா வரலாறுன்னு அவங்களே பிரிச்சு அடுக்கினாங்க. இதைப் படிச்ச அன்னிக்கு எனக்குத் தூக்கம் வரல. ஸ்டிக்கர் ஒட்டறது எவ்வளவு பெரிய வேலைன்னு அன்னிக்குத்தான் உறைச்சுது.

டூயியும் மனுஷனா நல்ல பேர் எடுத்தவர் இல்ல. அவர் நடத்தின கிளப்ல யூதர்களைச் சேர்க்கலன்னு பிரச்சனையாகி நியூயார்க் மாநில லைப்ரரியன் வேலையை விட்டார், பொம்பளைங்ககிட்ட தப்பா நடந்துக்கிட்டார்னும் புகார் வந்துச்சு. 2019ல அமெரிக்க நூலகச் சங்கம் அவர் பேர்ல இருந்த விருதுலேர்ந்து பேரை எடுத்துடுச்சு. எடுத்தது சரிதான்னு நினைக்கறேன். இதுக்கு மேல அவரைப் பத்தி எழுத எனக்கு விருப்பம் இல்ல.

ஏன்னா எனக்கு எழுதணும்னு இருக்கற ஆள் வேற. எங்க ஊர்லேர்ந்து பஸ் ஏறினா முக்கால் மணி நேரத்துல சீர்காழி. அங்க 1892ல பிறந்தவர் ரங்கநாதன். எஸ்.ஆர். ரங்கநாதன்ல இருக்கற எஸ், ஷியாலி, அதாவது நம்ம சீர்காழிதான். சட்டநாதர் கோயிலுக்கு எத்தனை தடவை போயிருப்பேன், தோணியப்பரைப் பார்க்க எத்தனை படி ஏறியிருப்பேன், ஆனா உலகம் முழுக்க லைப்ரரி படிப்புல பாடமா வைக்கற ஒரு ஆள் இந்த ஊர்க்காரர்னு எனக்கு ஒருத்தரும் சொன்னதில்ல, பள்ளிக்கூடத்துலயும் சொல்லித்தரல.

அவர் கணக்கு வாத்தியார். மெட்ராஸ் பிரசிடென்சி காலேஜ்ல கணக்கு சொல்லிக் குடுத்துக்கிட்டு இருந்தவர், 1924 ஜனவரில மெட்ராஸ் யூனிவர்சிட்டி லைப்ரரியன் வேலைக்கு வந்தார். வந்து கொஞ்ச நாள்லயே போரடிச்சுப்போய் திரும்ப காலேஜுக்கே போறேன்னு கேட்டிருக்கார். லண்டன் போய் லைப்ரரி படிப்பு படிச்சுட்டு வாங்க, அப்பவும் பிடிக்கலன்னா பார்ப்போம்னு அனுப்பி வச்சாங்க. அங்க நூத்துக்கும் மேல லைப்ரரி சுத்திப் பார்த்தார். ஒவ்வொண்ணும் ஒவ்வொரு மாதிரி, டூயியும் அவருக்குத் திருப்தி தரல. ரெண்டு மூணு விஷயம் கலந்து ஒரு புத்தகம் வந்தா டூயில எதாவது ஒண்ணைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கு, மத்தது விட்டுப்போகுது.

அப்போ ஒரு நாள் செல்ஃப்ரிட்ஜஸ்னு லண்டன்ல ஒரு பெரிய கடை, அங்க பொம்மை விக்கற எடத்துல மெக்கானோ செட் வச்சு விளையாடிக் காட்டிக்கிட்டு இருக்காங்க. ஓட்டை போட்ட பட்டை, சக்கரம், போல்ட், நட்டு. அதே துண்டுகளை ஒரு விதமா மாட்டினா கிரேன், பிரிச்சு வேற விதமா மாட்டினா வண்டி. அங்கதான் அவருக்குப் பொறி தட்டியிருக்கு. ஒவ்வொரு விஷயத்துக்கும் முன்கூட்டியே ஒரு பொட்டி செஞ்சு வைக்கறது எதுக்கு, துண்டுகளை மட்டும் செஞ்சு வச்சா போதுமே, புத்தகம் வர்றப்போ அதுக்கு வேண்டிய துண்டுகளை மாட்டிக்கலாம். அப்போ போல்ட் நட்டுக்கு என்ன பண்றது? அதுக்குத்தான் அந்த ரெட்டைப் புள்ளி, கோலன். 1925ல கப்பல்ல திரும்பி வர்றப்பவே கப்பல்ல இருந்த லைப்ரரி புத்தகத்தை வச்சு சோதிச்சுப் பார்த்துட்டார். எட்டு வருஷம் மெட்ராஸ் யூனிவர்சிட்டில உண்மையான புத்தகத்தை வச்சு அடுக்கி மாத்தி அடுக்கி, 1933ல கோலன் கிளாசிஃபிகேஷன் புத்தகமா வந்துச்சு, மெட்ராஸ் லைப்ரரி அசோசியேஷன் வெளியீடா.

எந்த விஷயத்தையும் அஞ்சு கேள்வி கேட்டுப் பிரிக்கலாம்ங்கறார். அவர் வச்ச பேர் பெர்சனாலிட்டி, மேட்டர், எனர்ஜி, ஸ்பேஸ், டைம். எங்க சார் அதை வேற மாதிரி சொல்லித் தந்தார், யாரைப் பத்தி அல்லது எதைப் பத்தி, எந்தப் பொருள் அல்லது தன்மை, என்ன நடக்குது, எங்க, எப்போ. வகுப்புல எல்லாரும் படிக்கற உதாரணம் ஒண்ணு இருக்கு, இந்தியால 1950கள்ல நுரையீரல் டிபிக்கு எக்ஸ்ரே சிகிச்சை பத்தின ஆராய்ச்சி. அதோட நம்பர் எல்,45;421:6;253:எஃப்.44'என்5. பார்த்தா பயமா இருக்கும், ஆனா பிரிச்சுப் படிங்க. எல்னா மருத்துவம், 45 நுரையீரல், 421 டிபி, 6 சிகிச்சை, 253 எக்ஸ்ரே, எஃப் ஆராய்ச்சி, 44 இந்தியா, என்5 1950கள். ஒண்ணு கூட விட்டுப்போகல. கமா, அரைப்புள்ளி, கோலன், புள்ளி, மேற்கோள் குறி, ஒவ்வொரு குறியும் அடுத்து வர்றது எந்த வகைத் துண்டுன்னு சொல்லுது. டூயி நம்பர் ஒரு அட்ரஸ் மாதிரின்னா இது ஒரு வாக்கியம்.

இலக்கியத்துக்கு வந்தா இன்னும் அழகு. ஓன்னா இலக்கியம், 111 இங்கிலீஷ், 2 நாடகம், ஜே64ன்னா 1564ல பிறந்தவர், ஆக ஓ111,2ஜே64 யாருன்னு ஷேக்ஸ்பியர் பிறந்த வருஷம் தெரிஞ்சவங்களுக்கு உடனே தெரிஞ்சுடும். தமிழ் 31, கவிதை 1, 1882ல பிறந்தவருக்கு எம்82. ஓ31,1எம்82, பாரதி. டூயில ஏழு இலக்கம் போட்டும் வெறும் தமிழ்க் கவிதைங்கறதோட நின்னுடுது, இங்க அதே நீளத்துல முடிஞ்சு கவிஞர் வரைக்கும் வந்துடுச்சு. அதை விட முக்கியம், இங்கிலீஷுக்கும் தமிழுக்கும் ஒரே மரியாதை. 111க்குப் பக்கத்துல 31 வச்சுப் பார்த்தா நாம ஒண்ணும் கடைசி அறைல இல்ல.

நோட்டுல இதை எழுதிக்கிட்டு இருக்கறப்போ எனக்கு ஒண்ணு தோணுச்சு. பத்தாங்கிளாஸ்ல அகத்திணை படிச்சோமே, முதற்பொருள் கருப்பொருள் உரிப்பொருள்னு, அதுல முதற்பொருள்னா நிலமும் பொழுதும். ஒரு பாட்டு வந்தா அது எந்த நிலம், என்ன பொழுது, அங்க என்ன மரம், என்ன பறவை, என்ன தொழில், அந்த மனுஷங்களுக்குள்ள என்ன நடக்குதுன்னு தனித்தனியா கேட்டுத்தான் திணை சொல்றோம். ரங்கநாதன் இதுலேர்ந்து எடுத்தார்னு நான் சொல்ல வரல, அவர் சொன்னது மெக்கானோதான். ஆனா ஒரு விஷயத்தை நிலம், பொழுதுன்னு துண்டு துண்டா பிரிச்சுக் கேக்கற பழக்கம் நமக்குப் புதுசு இல்லங்கறதுல ஒரு சந்தோஷம். சார்கிட்ட சொன்னேன், கண்ணாடியைக் கழட்டிட்டு ரொம்ப நேரம் பேசாம இருந்தார், அப்புறம் "இதை நான் முப்பது வருஷத்துல யோசிக்கல தம்பி"ன்னார்.

அவரோட அஞ்சு விதிகள் 1931லயே வந்துடுச்சு. புத்தகம் பயன்படுத்தறதுக்குத்தான், ஒவ்வொரு வாசகருக்கும் அவர் புத்தகம், ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதோட வாசகர், வாசகரோட நேரத்தை மிச்சப்படுத்து, லைப்ரரி வளர்ற உயிர். முதல் விதியோட வாசகத்தைச் சொன்னது அவரோட கணக்கு வாத்தியார் எட்வர்ட் ராஸ், மெட்ராஸ் கிறிஸ்டியன் காலேஜ்ல. நாலாவது விதியைப் படிச்சப்போ வாசப்படியில இருபது நிமிஷம் தூக்குவாளியோட நின்ன அந்த அம்மாதான் கண்ணு முன்னாடி வந்தாங்க. அவங்க நேரத்தையும் எடுத்துக்கிட்டேன், புத்தகத்தையும் குடுக்கல. மூணாவது விதிப்படி பார்த்தா அந்த மஞ்சப் புத்தகத்துக்கும் நான் துரோகம் பண்ணிட்டேன், அது யாருக்காக எழுதினதோ அவங்களை அதுகிட்ட வரவிடாம சர்க்கரை நோய்க்கும் பிரசவத்துக்கும் நடுவுல ஒளிச்சு வச்சுட்டேன்.

இவ்வளவு நல்ல முறைன்னா ஏன் எல்லாரும் அதுக்கு மாறலன்னு நீங்க கேக்கலாம், நானும் கேட்டேன். சார் வருத்தத்தோடதான் சொன்னார். கோலன் நம்பர் போடறதுக்கு ஒவ்வொரு புத்தகத்தையும் உக்காந்து பிரிக்கணும், ஆள் வேணும், பயிற்சி வேணும். டூயில பல புத்தகத்துக்கு வெளிநாட்டு லைப்ரரிகள் போட்டு வச்ச நம்பர் ரெடிமேடா கிடைக்குது, கம்ப்யூட்டர் வந்த பிறகு அதை அப்படியே இறக்கிக்கறாங்க. டூயிக்கு ஒரு நிறுவனம் பின்னாடி நின்னு தொடர்ந்து புதுப்பிக்குது, கோலனோட ஏழாவது பதிப்பு 1987ல வந்ததுதான் கடைசி. ஆறாவதுக்கும் ஏழாவதுக்கும் நம்பர்கள் ரொம்ப மாறிட்டதால பழசை வச்சிருந்தவங்க அங்கயே நின்னுட்டாங்க. 

ஆனா அந்த யோசனை சாகல. லண்டன்ல 1952ல ஆரம்பிச்ச ஒரு ஆராய்ச்சிக் குழு அதைத்தான் கையில எடுத்துச்சு, டூயியோட பிற்காலப் பதிப்புகளே துண்டு துண்டா சேர்த்து நம்பர் கட்டற வழிக்கு வந்துடுச்சு. நீங்க ஆன்லைன்ல புடவை வாங்கறப்போ பட்டா காட்டனா, என்ன கலர், என்ன விலை, எந்த ஊர் நெசவுன்னு பக்கத்துல கட்டம் கட்டமா டிக் பண்றீங்களே, அதுவும் இதே வழிதான், ஒரு புடவைக்கு நாலஞ்சு வாசல். மெட்ராஸ்ல உக்காந்து ஒருத்தர் கைல எழுதிப் பார்த்த விஷயம்.

இதெல்லாம் அவர் சும்மா பேருக்குப் பண்ணல. 1948ல மெட்ராஸ் பொது நூலகச் சட்டம் வந்ததுல அவர் உழைப்பு பெருசு. நாம கட்டற வீட்டு வரியோட லைப்ரரி செஸ்னு ஒண்ணு சேருதே, அதுக்கு வேர் அங்க. 1 லட்ச ரூபாயை, தன் சேமிப்பை, மனைவி சாரதா பேரோட சேர்த்து ஒரு பேராசிரியர் பதவிக்காக மெட்ராஸ் யூனிவர்சிட்டிக்குக் குடுத்தார், அதுவும் 1950கள்ல. 1972ல காலமானார். ஆகஸ்ட் 12 அவர் பிறந்தநாள்னு நூலகர் தினமா கொண்டாடறாங்க. எங்க படிப்பகத்துல இந்த வருஷம்தான் முதல் தடவையா படம் வச்சுப் பூப்போட்டோம், எட்டுப் பிள்ளைங்க வந்துச்சு.

இப்ப நாங்க என்ன பண்ணியிருக்கோம்னா ரெண்டையும் கலந்துட்டோம். ரேக்ல புத்தகம் நிக்கற எடத்துக்கு டூயி, ஏன்னா எடம் ஒண்ணுதான் இருக்க முடியும், பிள்ளைங்களுக்கும் மூணு இலக்கம் சுலபமா பிடிபடுது. ஆனா தமிழ் இலக்கியத்துக்கு 894.811ஐத் தூக்கிட்டோம். உள்ளூர் மொழிக்கு முன்னுரிமை குடுத்து ஒரு எழுத்துப் போட்டு முன்னாடி வச்சுக்கலாம்னு டூயிலயே வழி இருக்காம், சார் பக்கத்தைத் திறந்து காட்டினார், தெரியாம எவ்வளவு ஸ்டிக்கரை வீணடிச்சுட்டோம். இப்ப த1 கவிதை, த2 நாடகம், த3 கதை. வாசல்ல நுழைஞ்சதும் முதல் ரேக் அதுதான்.

அடுத்தது கூகுள் ஷீட். ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஒரு வரி, நம்பர் போக அஞ்சு கட்டம், எதைப் பத்தி, எதை வச்சு, என்ன பண்றது, எங்க, எப்போ. மஞ்சப் புத்தகத்துக்கு மாடு ஆடு, மூலிகை, வைத்தியம், தமிழ்நாடு, கடைசிக் கட்டம் காலி. இப்ப யாராவது மாடுன்னு கேட்டாலும் அது வரும், மூலிகைன்னு கேட்டாலும் வரும். ப்ளஸ் டூ படிக்கற ரெண்டு பொண்ணுங்க இந்த வேலையை எடுத்துக்கிட்டாங்க, என்னை விட நல்லா பண்றாங்க, ஒரு புத்தகத்தைப் புரட்டிப் பார்க்காம அட்டையை மட்டும் பார்த்து எழுதக் கூடாதுன்னு அவங்களே ஒரு விதி போட்டு எழுதி ஒட்டியிருக்காங்க. இதுவரைக்கும் 1,400 முடிஞ்சுது.

ஆசிரியர் பேர்தான் இன்னும் இழுத்துக்கிட்டு இருக்கு. நம்ம ஆளுங்களுக்குக் குடும்பப் பேர் கிடையாது, இனிஷியல் முன்னாடி வரும், புனைபேர் வேற, ஒரே ஆள் மூணு பேர்ல எழுதியிருப்பார். கடைசியா வர்ற சொல்லை முதல்ல எடுன்னு வெள்ளைக்காரங்க விதியைப் பிடிச்சா சிலருக்கு சரியா வருது, சிலருக்கு சாதிப்பேர் முதல்ல வந்து நிக்குது. அந்தப் பொண்ணுங்க அதை ஒத்துக்கல, எனக்கும் இஷ்டமில்ல. ஆளைக் கூப்பிடற பேர் எதுவோ அதுதான் முதல்லன்னு முடிவு பண்ணியிருக்கோம்.

போன வாரம் ஒரு புத்தகம் வந்துச்சு, நம்ம பக்கத்துக் காவல் தெய்வங்கள் பத்தி, அய்யனார், வீரன், காட்டேரி, பெரியாச்சி, ஒவ்வொரு கோயிலா போய் கதை கேட்டு எழுதினது. சார் எடுத்துப் பார்த்துட்டு 398 போடுங்கன்னார், நாட்டுப்புறக் கதை. நான் எழுதப்போன நேரம், வீரன் கோயில் பூசாரியோட பையன், பி.காம் படிக்கறான், பக்கத்துல நின்னு பார்த்துக்கிட்டு இருந்தவன் கேட்டான், "அண்ணே, பெரிய கோயில் சாமி புத்தகம் எல்லாம் 294.5ல இருக்கு, எங்க சாமி மட்டும் ஏண்ணே கதையில போகுது?" கோவமா கேக்கல, நெஜமா தெரிஞ்சுக்கத்தான் கேட்டான். சார் புத்தகத்துல பாதிக்கு மேல கதையா இருக்கு, அதனால 398தான் முறைன்னார். முறைப்படி அவர் சொல்றது தப்பில்ல. ஆனா அந்தப் பையன் வீட்டுல வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை விளக்கேத்திக் கும்பிடறாங்க, அவனுக்கு அது கதை இல்ல.

சாரும் நானும் இன்னும் பேசி முடிக்கல. ஷீட்ல அஞ்சு கட்டமும் போட்டாச்சு, எந்த வழியா தேடினாலும் வரும். ஆனா ரேக்ல ஒரு எடம்தானே. ஸ்டிக்கர்ல பென்சிலால 294.5ன்னு எழுதி மேசை மேல வச்சிருக்கேன், சார் வர்ற ஞாயித்துக்கிழமை வருவார்.